வீட்டிலேயே கார்ட்ரிட்ஜுக்கு மை நிரப்புவது: என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் குடியிருப்பில் ஆறேழு வீடுகளில் இங்க்ஜெட் பிரிண்டர் இருக்கிறது. பிள்ளைகளின் பள்ளி ப்ராஜெக்ட்டுக்கு முந்தைய நாள் இரவு ஒன்பது மணிக்குத்தான் அவற்றில் மை தீரும். அந்த நேரத்தில் காலிங் பெல் அடித்துக் கேட்டவை, உறவினர்கள் போனில் கேட்டவை எல்லாவற்றையும் அவர்கள் கேட்ட மாதிரியே எழுதிப் பதில் சேர்த்திருக்கிறேன். பெரும்பாலும் எச்பி, கேனன் பிரிண்டர்களில் போடும் சின்ன கார்ட்ரிட்ஜைப் பற்றியது. மேலிருந்தே படித்துவிடுங்கள்; சொன்னதையே திரும்பச் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை.

கார்ட்ரிட்ஜுக்குள்ள அப்படி என்னதான் இருக்கு? வெறும் மை டப்பாதானே?

டப்பா மட்டும் இல்லை. உள்ளே மை ஊறிய ஸ்பாஞ்ச் இருக்கிறது. அடியில் பளபளவென்று ஒரு சின்னப் பட்டை தெரியும், அதுதான் ஹெட். தலைமுடியைவிட மெல்லிய துவாரங்கள் அதில் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. ஒவ்வொரு துவாரத்துக்கும் பின்னால் ஒரு குட்டி ஹீட்டர். அது கண நேரம் சூடாகும்போது மையில் ஒரு குமிழி எழும்பி, ஒரு துளியைக் காகிதத்தின் மேல் தள்ளுகிறது. 1977-இல் கேனன் ஆய்வகத்தில் மை நிரப்பிய சிரிஞ்சின் ஊசியில் சூடான சால்டரிங் அயர்ன் தவறுதலாகப் பட்டு, மை பீய்ச்சியடித்தது. அதைப் பார்த்துத்தான் இந்த யோசனையே பிறந்தது என்று கேனன் சொல்லிக்கொள்கிறது. நாம் இன்று சிரிஞ்சோடு உட்காருவதும் அதே குடும்பத்து வேலைதான்.

ஆக, நீங்கள் கொடுக்கும் விலையில் பெரும்பகுதி அந்த ஹெட்டுக்கு. மை தீர்ந்தாலும் ஹெட் உயிரோடுதான் இருக்கும். நிரப்புவது என்றால் அந்த ஹெட்டைக் குப்பையில் போடாமல் காப்பாற்றுவது. கீழே வரும் பாதிப் பதில்களுக்கு இதுதான் அடிப்படை.

என் பிரிண்டர்ல இதைச் செய்ய முடியுமான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?

கார்ட்ரிட்ஜைக் கழற்றிப் பாருங்கள். பின்பக்கம் செம்பு நிறப் புள்ளிகள் வரிசையாக இருந்து, அடியில் மேலே சொன்ன பட்டையும் இருந்தால் முடியும். எச்பி 802, 803, 678, 680, கேனன் பிஜி-745, சிஎல்-746 எல்லாம் இந்த வகை. கறுப்பு ஒன்று, மூன்று நிறமும் சேர்ந்தது ஒன்று என இரண்டே கார்ட்ரிட்ஜ் இருந்தாலும் அநேகமாக இதே வகைதான்.

எப்சன் வேறு மாதிரி. அதில் ஹெட் பிரிண்டரோடு சேர்ந்தே இருக்கும், ஹீட்டரும் கிடையாது. மின்சாரம் பாய்ந்தால் வளையும் பீசோ தகடுதான் மையைத் தள்ளும். அங்கே ஹெட் போனால் பிரிண்டரே போன மாதிரி. இங்கே ஹெட் போனால் புது கார்ட்ரிட்ஜ் வாங்கினால் போதும். அதனால்தான் எச்பி, கேனன் வைத்திருப்பவர்களைத் துணிந்து கைவைக்கச் சொல்கிறேன். லேசர் பிரிண்டரில் போடுவது தூள். இந்தப் பக்கத்தில் அதற்கு வேலை இல்லை.

நிஜமாவே காசு மிச்சமாகுமா? இல்ல, இது ஒரு பொழுதுபோக்கா?

கணக்கு எளிது. சின்னக் கறுப்பு கார்ட்ரிட்ஜ் ஒரு தடவைக்குச் சுமார் 5 மி.லி. குடிக்கும். 100 மி.லி. பாட்டில் ஒன்றில் இருபது தடவை ஊற்றலாம். அந்தப் பாட்டிலின் விலையோ ஒரு புது கார்ட்ரிட்ஜ் விலையில் பாதியைக்கூடத் தொடாது. எச்பி 680 கறுப்புக்கு 480 பக்கம், கலருக்கு 150 பக்கம் என்று நிறுவனம் கணக்குச் சொல்கிறது. அது ஐஎஸ்ஓ என்ற சர்வதேசத் தர அமைப்பு வகுத்த மாதிரிப் பக்கங்களை வைத்து அளந்த எண்ணிக்கை. பக்கம் முழுக்கப் படம் வைத்து மகாபலிபுரம் ப்ராஜெக்ட் செய்தால் அதில் பாதிகூட வராது.

மாதம் ஐந்து பக்கம்தான் போடுவீர்கள் என்றால் இந்த வேலையே வேண்டாம். தெருமுனை ஜெராக்ஸ் கடை போதும்.

என்னென்ன வாங்கி வைக்கணும்?

மெடிக்கலில் 5 மி.லி. சிரிஞ்ச் நான்கு, நிறத்துக்கு ஒன்று. ஊசி 21 நம்பர், அடிப்பகுதி பச்சையாக இருக்கும். நீளம் ஒன்றரை அங்குலம். இதைவிட மெல்லியதில் மை இறங்க நேரமாகும், கனத்த ஊசி ஸ்பாஞ்சைக் கிழிக்கும். அப்புறம் டிஷ்யூ பேப்பர், பழைய செய்தித்தாள், பல்குச்சி, செலோ டேப். கையுறை இருந்தால் நல்லது. மறுநாள் கல்யாணத்துக்குப் போக வேண்டியிருந்தால் கட்டாயம்.

மை வாங்கும்போது பாட்டிலில் உங்கள் பிரிண்டர் நிறுவனத்தின் பெயர் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். எப்சன் டேங்க் பிரிண்டருக்கான, அதாவது கார்ட்ரிட்ஜுக்குப் பதில் தொட்டி வைத்த பிரிண்டருக்கான மையை எச்பி கார்ட்ரிட்ஜில் ஊற்றாதீர்கள். ஹீட்டர் சூட்டைத் தாங்கும்படி அது செய்யப்படவில்லை.

முழுசா காலியானப்புறம் ஊத்தணுமா, முன்னாடியேவா?

முன்னாடியே. எழுத்து லேசாக வெளிற ஆரம்பித்ததுமே நிறுத்திவிடுங்கள். அந்த ஹீட்டர்களைக் குளிர வைப்பது மைதான். மை இல்லாமல் "இன்னும் ரெண்டே பக்கம்" என்று ஓட்டினால் தண்ணீர் இல்லாத குக்கரை அடுப்பில் வைத்த கதை, ஹீட்டர் கருகிவிடும். கருகியதை எந்த மையும் பிழைக்க வைக்காது.

வெளிறியதும் கழற்றி மேசை இழுப்பறையில் போட்டு, மூன்று மாதம் கழித்து ஊற்றுவதும் தப்பு. ஸ்பாஞ்ச் காய்ந்து, துவாரங்களில் மை கெட்டியாகிவிடும். ஓரிரு நாளில் ஊற்றிவிடுங்கள்.

கறுப்பு மை எப்படி ஊத்தறது? ஒண்ணொண்ணா சொல்லுங்க.

முதலில் என் கதை. முதல் தடவை 10 மி.லி. சிரிஞ்சை நிறைத்து, ஒரே அழுத்தில் உள்ளே தள்ளினேன். மேலே துளை வழியாகவும் கீழே ஹெட் வழியாகவும் மை ஒன்றாக வெளியே வந்தது. கூடத்து வெள்ளை டைல்ஸின் இடுக்கில் அந்தக் கறுப்பு இன்னும் இருக்கிறது. மனைவி வாரம் ஒரு முறை நினைவூட்டுகிறாள்.

சரி, முறைப்படி செய்வது இப்படி. செய்தித்தாள் விரித்து, அதன்மேல் நான்காக மடித்த டிஷ்யூவை வைத்து, ஹெட் கீழே பார்க்கும்படி கார்ட்ரிட்ஜை அதில் உட்கார வையுங்கள். மேலே உள்ள லேபிளை ஒரு மூலையிலிருந்து மெதுவாக உரியுங்கள்; திரும்ப ஒட்ட வேண்டும், கிழிக்காதீர்கள். மூடியில் சின்னத் துளைகளும், அவற்றிலிருந்து ஓடும் கோடு போன்ற பள்ளங்களும் தெரியும். சிரிஞ்சில் மை எடுத்து, ஊசி மேலே பார்க்கப் பிடித்துக் காற்றை வெளியேற்றிவிடுங்கள். ஊசியை நடுத் துளையில் விட்டு ஸ்பாஞ்சின் பாதி ஆழம்வரை இறக்குங்கள். அடிவரை குத்த வேண்டாம், அங்கே வடிகட்டி இருக்கிறது.

இனிமேல்தான் பொறுமை. 1 மி.லி. இறங்க இருபது விநாடியாவது எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்பாஞ்ச் தானாக உறிஞ்ச வேண்டும். அவசரப்பட்டால் உள்ளே காற்றுக்குமிழி சிக்கிக்கொள்ளும். நான் பொங்கல் பானையைப் பார்ப்பது போலத் துளையையே பார்த்துக்கொண்டிருப்பேன். ஆனால் இது பொங்கக் கூடாத பானை. துளையில் மை மினுங்கினால் நிறுத்தி, ஒரு சொட்டு திரும்ப இழுத்துக்கொள்ளுங்கள். சின்னக் கறுப்பு 4 முதல் 5 மி.லி. வாங்கும். அளவைவிட அந்த மினுங்கலை நம்புங்கள்.

ஊற்றியதும் மேலே வழிந்ததைத் துடைத்து லேபிளை ஒட்டுங்கள். லேபிள் போய்விட்டால் டேப் ஒட்டலாம், ஆனால் தளர்வாக. அந்தப் பள்ளங்கள் காற்று போகும் வழி. ஹெட்டை ஈர டிஷ்யூவில் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். கறுப்புக் கோடு ஒன்று தெளிவாகப் பதிந்தால் மை இறங்கிவிட்டது என்று பொருள். செம்புப் புள்ளிகளில் மை பட்டிருந்தால் உலர்ந்த துணியால் துடைத்துவிட்டு பிரிண்டரில் போடுங்கள்.

கலர்ல மூணு ஓட்டை இருக்கே, எதுல எந்தக் கலர்?

மனப்பாடம் செய்யாதீர்கள், மாடலுக்கு மாடல் மாறும். மூன்று பல்குச்சிகளை எடுத்து, துளைக்கு ஒன்றாக விட்டு ஸ்பாஞ்சில் தொட்டு எடுங்கள். நுனியில் நீலம், இளஞ்சிவப்பு, மஞ்சள் ஒட்டியிருக்கும். கடைக்காரர்கள் இவற்றைச் சயான், மெஜந்தா, எல்லோ என்பார்கள். அதே வரிசையைக் காகிதத்தில் குறித்து வைத்துக்கொண்டு ஊற்றுங்கள். ஒரு குச்சியை இரண்டு துளையில் விட்டீர்களோ, பிறகு வரும் பச்சை மஞ்சள் கேள்விக்கு நேரே போக வேண்டியிருக்கும்.

நிறத்துக்கு 2 மி.லி. போதும், மற்றபடி கறுப்புக்குச் சொன்ன அதே நிதானம். டிஷ்யூவில் ஒற்றினால் மூன்று கோடு தனித்தனியாக விழ வேண்டும்.

பேனா மை ஊத்தினா என்ன? அதுவும் மைதானே!

பேனாவின் நிப்பு வழியாகப் போவது இந்தத் துவாரங்கள் வழியாகப் போகாது. போனாலும் அந்தச் சூட்டில் ஹீட்டர் மேல் படிந்துவிடும். ஸ்டாம்ப் பேட் மை இன்னும் மோசம், பிசுபிசுவென்று அப்படியே அடைத்துக்கொள்ளும். இதை என்னிடம் கேட்டவர் ஏற்கெனவே ஊற்றிவிட்டுத்தான் கேட்டார்.

டை மை, பிக்மென்ட் மைன்னு ரெண்டு சொல்றாங்களே, எதை வாங்கறது?

டை என்பது சர்க்கரை போல நீரில் கரைந்த சாயம். பிக்மென்ட் கரையாது, மிக நுண்ணிய துகளாக மிதக்கும். டை பளிச்சென்று இருக்கும், ஆனால் தண்ணீர் பட்டால் ஓடும், வெயிலில் வெளிறும். பிக்மென்ட் காகிதத்தின் மேலேயே தங்கிவிடுவதால் ஈரத்தைத் தாங்கும்.

எச்பி சின்னக் கார்ட்ரிட்ஜ்களின் கறுப்பு பிக்மென்ட், கலர் டை. கேனனில் பிஜி என்று தொடங்கும் கறுப்பும் பிக்மென்ட்தான். கடையில் பெரும்பாலும் டை கறுப்பைத்தான் எடுத்துத் தருவார்கள், விலை குறைவு. வீட்டுப்பாடத்துக்கு அது போதும். ஆனால் ஹால் டிக்கெட், விண்ணப்பம், பத்திர நகல் போடுபவர்கள் பிக்மென்ட் கேட்டு வாங்குங்கள். மழையில் தேர்வெழுதப் போன ஒரு பெண்ணின் ஹால் டிக்கெட்டில் பதிவு எண் கரைந்து நீலச் சாயமாக ஓடியதைப் பார்த்தபிறகு நான் டை கறுப்பு வாங்குவதில்லை. எதிர்ப்பக்கமாக, டை ஓடும் கலர் கார்ட்ரிட்ஜில் பிக்மென்ட் ஊற்றாதீர்கள், அடைக்கும். ஒரே ஸ்பாஞ்சில் ஒரு தடவை அது, ஒரு தடவை இது என்று மாற்றி மாற்றி ஊற்றவும் வேண்டாம்.

மை நிறைய ஊத்தியாச்சு, ஆனா கம்ப்யூட்டர் 'மை இல்லை'ன்னே சொல்லுதே?

பிரிண்டருக்கு உள்ளே எட்டிப் பார்க்கத் தெரியாது. எத்தனை துளி அடித்தோம் என்று எண்ணி, அதை வைத்து மீதியைக் கணிக்கிறது. நீங்கள் ஊற்றியது அதன் கணக்கில் ஏறாது.

எச்பியில் மை குறைவு, பயன்படுத்திய கார்ட்ரிட்ஜ் என்று செய்தி வரும். சரி என்று அழுத்திவிட்டால் போதும், அச்சடித்துக்கொண்டே போகும். கேனனில் திரையில் இ13, இ16 என்று காட்டி நின்றுவிடும். ஸ்டாப் பொத்தானை ஐந்து விநாடிக்கு மேல் அழுத்திப் பிடித்தால் அந்தக் கார்ட்ரிட்ஜுக்கு மை அளவு பார்ப்பதையே விட்டுவிடும். அதன்பிறகு எச்சரிக்க ஆள் இல்லை. எழுத்து வெளிறுவதை உங்கள் கண்தான் பார்க்க வேண்டும். ஏன் என்பதற்கு மேலே குக்கர் கதை.

கறுப்பு மட்டும்தான் வேணும், கலர் காலியா இருந்தா பரவாயில்லையா?

காலி கலரை உள்ளே வைத்துக்கொண்டு கலர் பக்கம் அடிக்காதீர்கள், ஹீட்டர் வெறுமனே சுடும். எச்பியின் பல மாடல்களில் கலரைக் கழற்றிவிட்டு மூடினால் ஒற்றைக் கார்ட்ரிட்ஜோடு வேலை செய்யும். கேனனில் இரண்டும் உள்ளே இருக்க வேண்டும். பிரிண்ட் அமைப்பில் கறுப்பு மை மட்டும் என்று தேர்ந்தெடுங்கள்.

ஊத்தினப்புறம் கோடு கோடா வருது. முதல் ரெண்டு பக்கம் நல்லா வந்துச்சு, அப்புறம் வெளிறிடுச்சு.

இவை இரண்டு வேறு நோய்கள். இரண்டு பக்கம் நன்றாக வந்து பிறகு வெளிறினால், மேலே காற்று வழி அடைபட்டிருக்கிறது. டேப்பைத் தூக்கிவிட்டு ஒரு பக்கம் போட்டுப் பாருங்கள். சரியானால் டேப்தான் குற்றவாளி. நான் பார்த்த "ரீஃபில் ஒத்துக்கவே இல்ல" புகார்களில் பாதி இதுதான்.

முதல் பக்கத்திலேயே வெள்ளைக் கோடுகள் விழுந்தால், காற்றுக்குமிழியோ காய்ந்த மையோ துவாரங்களை மறைக்கிறது. ஹெட் கீழே இருக்கும்படி ஈர டிஷ்யூவில் இரண்டு மணி நேரம் உட்கார வையுங்கள். பிறகு பிரிண்டரின் கிளீனிங் ஒரு தடவை, வேண்டுமானால் இன்னொரு தடவை. அதற்கு மேல் வேண்டாம். ஒவ்வொரு கிளீனிங்கும் நீங்கள் ஊற்றிய மையைப் பிரிண்டரின் அடியில் இருக்கும் பஞ்சில்தான் கொட்டுகிறது. அந்தப் பஞ்சு நிறைந்தால் கேனனில் 5பி00 என்று காட்டிப் பிரிண்டர் மொத்தமாக நின்றுவிடும். அது கார்ட்ரிட்ஜ் கோளாறே இல்லை, மெக்கானிக்கிடம் போக வேண்டிய வேலை.

ரெண்டு மாசம் லீவுல ஊருக்குப் போயிட்டு வந்தோம். ஒரு சொட்டு வரல.

தட்டில் வெதுவெதுப்பான தண்ணீரை இரண்டு மி.மீ. உயரத்துக்கு ஊற்றி, ஹெட் மட்டும் நனையும்படி ஒரு நிமிடம் வைத்து, டிஷ்யூவில் ஒற்றுங்கள். கோடு விழும்வரை நாலைந்து தடவை. செம்புப் புள்ளிகள் நனையக் கூடாது, கொதிக்கும் நீரும் கூடாது. போர் தண்ணீரில் உள்ள உப்பு துவாரத்தில் படியும். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் நல்லது.

நம் வீடுகளில் இன்னொரு பழக்கம் உண்டு. பிரிண்டரை அதன் பொத்தானில் அணைக்காமல் சுவிட்ச் போர்டில் அணைத்துவிடுவோம். பொத்தானில் அணைத்தால்தான் கார்ட்ரிட்ஜ் ஓரத்துக்குப் போய் ரப்பர் மூடியின் மேல் உட்காரும். போர்டில் அணைத்தால் நடுவழியில் திறந்தபடி நிற்கும். மே மாதச் சூட்டில் ஒரு வாரமே போதும். வாரம் ஒரு கலர் பக்கம் போடுங்கள், பேத்தி வரைந்ததை நகல் எடுத்தாலும் சரி.

மஞ்சள் அடிச்சா பச்சையா வருதே?

கலர் கார்ட்ரிட்ஜுக்குள் நிறத்துக்கு ஓர் அறை; பக்கத்து அறையின் நீலம் மஞ்சளுக்குள் இறங்கிவிட்டது. அளவுக்கு மேல் ஊற்றியிருப்பீர்கள், அல்லது பல்குச்சி மாறியிருக்கும். மஞ்சள் துளையில் ஊசி விட்டு வருவதை உறிஞ்சி எடுங்கள். ஹெட்டை டிஷ்யூவில் ஒற்றிக்கொண்டே இருங்கள், மஞ்சள் தெளியும்வரை. தெளிந்ததும் புது மஞ்சள் ஒரு மி.லி. விட்டு, முழுக்க மஞ்சளான ஒரு பக்கம் அடித்துப் பாருங்கள். தெளியவே இல்லை என்றால் ஸ்பாஞ்ச் முழுக்கக் கலந்துவிட்டது, விட்டுவிடுங்கள்.

கீழே சொட்டிக்கிட்டே இருக்கு, நிக்கவே மாட்டேங்குது.

அதிகம் ஊற்றியிருக்கிறீர்கள். மேலிருந்து அரை மி.லி. உறிஞ்சி எடுத்துவிட்டு டிஷ்யூவில் பத்து நிமிடம் வையுங்கள். சொட்டு நின்றபிறகுதான் பிரிண்டருக்குள் போக வேண்டும். ஒழுகும் கார்ட்ரிட்ஜ் செம்புப் புள்ளிகளை நனைத்து, பிரிண்டர் பக்கத்துத் தொடுமுனைகளையும் கெடுத்துவிடும்.

ஒரு கார்ட்ரிட்ஜுக்கு எத்தனை தடவை ஊத்தலாம்?

என் கையில் கறுப்பு எட்டுப் பத்து தடவை ஓடியிருக்கிறது, கலர் நாலைந்து. இரண்டாம் தடவையே போனதும் உண்டு. கழுவியும் வைத்திருந்தும் ஒரே இடத்தில் நிரந்தரமாக வெள்ளைக் கோடு விழுந்தால் அங்கே ஹீட்டர் கருகிவிட்டது என்று கொள்ளுங்கள். அதற்கு மேல் சோதிக்க வேண்டாம். மின்கழிவு வாங்குபவரிடம் போடுங்கள்.

கடைல ரீஃபில் பண்ணினதை வாங்கினேன். 'இது வேறு பிரிண்டரில் பாதுகாக்கப்பட்டது'ன்னு வருது.

எச்பியில் கார்ட்ரிட்ஜ் பாதுகாப்பு என்று ஒரு அமைப்பு இருக்கிறது. அது இயங்கினால் அந்தக் கார்ட்ரிட்ஜ் முதலில் போட்ட பிரிண்டரோடு தாலி கட்டிக்கொள்ளும், வேறெங்கும் வேலை செய்யாது. கடைக்காரர் யாருடையதையோ நிரப்பி உங்களுக்குக் கொடுத்துவிட்டார், திருப்பிக் கொடுங்கள். எனக்கும் ஒரு கடையில் இதே அனுபவம். அன்றிலிருந்து என் கார்ட்ரிட்ஜின் பக்கவாட்டில் மார்க்கரால் ஒரு புள்ளி வைத்து, அதே புள்ளியோடு திரும்ப வாங்குவேன். உங்கள் பிரிண்டரிலும் அந்த அமைப்பை அணைத்து வைத்துக்கொள்ளலாம்.

பிரிண்டர் அப்டேட் கேக்குது, போடலாமா? போட்டா ரீஃபிலை நிறுத்திடுவாங்களாமே?

2016 செப்டம்பரில் எச்பியின் ஆபீஸ்ஜெட் பிரிண்டர்கள் பல, பிற நிறுவனங்களின் கார்ட்ரிட்ஜ்களைத் திடீரென்று மறுத்தன. அந்தச் சலசலப்பின் எதிரொலிதான் நீங்கள் கேட்டது. அந்தத் தடுப்பு பார்ப்பது கார்ட்ரிட்ஜில் இருக்கும் சிப்பை, மையை அல்ல. நீங்கள் ஊற்றுவது நிறுவனத்தின் சொந்தக் கார்ட்ரிட்ஜில், சிப்பும் அவர்களுடையதே. அதனால் இதுவரை எனக்குத் தொல்லை வந்ததில்லை. இருந்தாலும் நன்றாக ஓடும் பிரிண்டருக்கு நான் அப்டேட் போடுவதில்லை.

இது சட்டப்படி தப்பா? வாரண்டி போயிடுமா?

காசு கொடுத்து வாங்கிய பொருளைச் சொந்தப் பயன்பாட்டுக்கு நிரப்பிக்கொள்வது குற்றமில்லை. நிரப்பியதை ஒரிஜினல் அட்டைப்பெட்டியில் போட்டுப் புதிது என்று விற்பதுதான் குற்றம். அமெரிக்காவில் லெக்ஸ்மார்க் என்ற பிரிண்டர் நிறுவனம் தன் டோனர் (லேசர் பிரிண்டர் தூள்) கார்ட்ரிட்ஜை நிரப்பி விற்றவர்மேல் காப்புரிமை வழக்குப் போட்டு உச்ச நீதிமன்றம்வரை போனது. விற்றபிறகு அந்தப் பொருள்மேல் காப்புரிமையைக் காட்டித் தடுக்க முடியாது என்று 2017-இல் தீர்ப்பு வந்தது.

வாரண்டியைப் பொறுத்தவரை, நிரப்பிய கார்ட்ரிட்ஜ் போட்டதாலேயே பிரிண்டரின் வாரண்டி போகாது, அதனால் சேதம் ஏற்பட்டிருந்தால் மட்டும் பழுதுக்குக் காசு வாங்குவோம் என்று எச்பியின் விதி சொல்கிறது. கார்ட்ரிட்ஜின் வாரண்டி நீங்கள் ஊசி குத்திய நிமிடமே முடிந்தது.

இவ்வளவு பாடு எதுக்கு? பேசாம டேங்க் பிரிண்டரே வாங்கிடலாமே?

மாதம் நூறு பக்கத்துக்கு மேல் போடுபவர்கள் தாராளமாக வாங்கலாம். அந்த வகை பிறந்ததே நம்மைப் போன்றவர்களால்தான். இந்தோனேசியாவில் பிரிண்டரைத் துளைத்து, வெளியே பாட்டில் வைத்துக் குழாய் இழுத்து ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்த எப்சன் 2010-இல் தானே தொட்டி வைத்து அங்கே விற்க ஆரம்பித்தது. பிறகு கேனனும் எச்பியும் வந்தன.

ஆனால் வாங்குமுன் பழைய பிரிண்டருக்கு ஒரு வாய்ப்பு கொடுங்கள். கறுப்பை மட்டும் ஊற்றிப் பாருங்கள். கலரை அடுத்த வாரம் வைத்துக்கொள்ளலாம், சனிக்கிழமை காலையில். இரவு ஒன்பது மணிக்கு வேண்டாம்.